அஞ்சலி போஸ்டர் மீமைத் தூக்கியது மெஷினா, ஆளா?

மேலூர்ப் பக்கம் மீம் பக்கம் ஒன்றை நடத்தும் நண்பர் கேட்டிருப்பது இதுதான். கூட்டாளி ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமானதைக் கலாய்த்து, அவருடைய புகைப்படத்துக்கு மாலை போட்டு, இருபுறமும் குத்துவிளக்கு வைத்து, மேலே "கண்ணீர் அஞ்சலி" என்றும் கீழே "மாப்ளைய முடிச்சு விட்டாய்ங்க" என்றும் எழுதிப் பதிவேற்றியிருக்கிறார். பத்து நிமிடத்தில் வன்முறை மிரட்டல் என்று காரணம் காட்டி அது நீக்கப்பட்டுவிட்டது. அதே அமைப்பில் இன்னொரு பக்கம் போட்ட படம் மூன்று மாதமாக அப்படியே இருக்கிறது. "தூக்கியது மெஷினா, ஆளா? எந்த வார்த்தையை எடுத்தால் தப்பிக்கலாம்?" என்று கேள்வியை முடிக்கிறார். கேள்வி வார்த்தையைப் பற்றியதாகத் தோன்றினாலும், ஒரு மீமில் எதைப் பார்த்து முடிவு எடுக்கிறார்கள், அந்த முடிவு ஏன் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது என்பதே அவருடைய உண்மையான ஐயம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டுகள் தமிழ்ப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் கணினிவழிப் படமறிதல் கற்பிக்கிறேன். ஆகவே இரண்டு வகையான செய்திகளைச் சொல்வேன், இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம். கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது ஆய்வுக் கட்டுரைகளாகவும் திறந்த மென்பொருளாகவும் வெளிவந்திருப்பதால் அதை உறுதியாகச் சொல்லலாம். இயந்திரம் ஒரு படத்துக்குத் தரும் எந்த மதிப்பெண்ணைத் தாண்டினால் நீக்குவது, எந்தப் படங்கள் தடைப்பட்டியலில் உள்ளன என்பனவற்றை எந்த நிறுவனமும் வெளியிடுவதில்லை. அவற்றைப் பற்றி நான் சொல்வது ஊகமே, அந்த இடங்களில் ஊகம் என்றே குறிப்பிடுகிறேன்.

பத்து நிமிடம் என்பதை வைத்து, முதல் முடிவை எடுத்தது இயந்திரம்தான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஆள் பார்க்கும் வரிசைக்கு ஒரு படம் வந்து சேர, அது சந்தேகத்துக்குரியது என்று யாரேனும் அல்லது ஏதேனும் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வந்த பிறகும் அதிகம் பேர் பார்த்த பதிவுகளும், உயிராபத்து என்று குறிக்கப்பட்டவையும் முன்னால் போய்விடும். சில நூறு பேர் தொடரும் பக்கத்தின் கல்யாணக் கிண்டல் அந்த வரிசையின் தலைக்கு வர வழியில்லை.

படம் ஏறியவுடன் நடக்கும் முதல் வேலையில் புரிந்துகொள்ளுதல் என்பதே கிடையாது. முன்பே நீக்கத் தீர்மானித்துத் தடைப்பட்டியலில் ஏற்றிய படங்களில் இதுவும் ஒன்றா என்ற ஒப்பீடு மட்டுமே நடக்கிறது. இதற்குப் படத்தின் கைரேகை ஒன்றை எடுக்கிறார்கள். அதன் மிக எளிய வகையை என் மாணவர்கள் தாளிலேயே போட்டுப் பார்ப்பார்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலத்தில் 9 கட்டமும் உயரத்தில் 8 கட்டமுமாகச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை எடுத்து, இடப்பக்கத்துக் கட்டம் அதிக வெளிச்சமா என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று வரிசைக்கு 8 விடைகள், மொத்தம் 64 விடைகள் கிடைக்கும். அந்த 64 விடைகளே படத்தின் கைரேகை. இரண்டு படங்களின் விடைகளை அருகருகே வைத்து எத்தனை இடத்தில் மாறுகின்றன என்று எண்ணினால், அவை எவ்வளவு நெருங்கியவை என்பது தெரிந்துவிடும். அளவைச் சுருக்கினாலும், வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி மங்கிப்போனாலும், வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் கைரேகை அதிகம் மாறாது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துபவை இதைவிட நுட்பமானவை. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்களைக் கண்டுபிடிக்க 2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹேனி ஃபரீதும் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ இந்த வழியில் வந்ததுதான். 2019இல் ஃபேஸ்புக் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட பிடிக்யூ என்ற முறையில் 256 விடைகள். அவற்றில் 31 வரை மாறினாலும் அதே படம் என்று கொள்ளலாம் என்பது அதனோடு வந்த பரிந்துரை.

இனி உங்கள் அஞ்சலி போஸ்டரை இந்தக் கண்ணோடு பாருங்கள். கறுப்புக் கட்டம், மேலே வெள்ளைப் பட்டையில் தலைப்பு, நடுவில் முகம், சுற்றி மாலை, இருபுறமும் விளக்கு. மதுரையில் வளர்ந்த எவருக்கும் இந்த அமைப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காதுகுத்து முதல் கருமாதி வரை சுவரில் ஒட்டிப் பழகிய ஊர் இது. முகத்தையும் பெயரையும் தவிர எல்லா அஞ்சலி போஸ்டரும் ஒன்று போலவே இருக்கும். வகுப்பில் ஒரு முறை இப்படிப்பட்ட போஸ்டர் ஒன்றில் பெயரையும் கீழ்வரியையும் மட்டும் மாற்றிக் கைரேகை எடுத்தபோது, 64இல் ஒன்றிரண்டு விடைகளே மாறின. யாரையோ உண்மையாகவே கொன்றுவிடுவோம் என்று மிரட்டி, உயிரோடிருப்பவருக்கு அஞ்சலி போஸ்டர் போட்டவர் ஒருவர் எங்கோ இருந்து, அந்தப் படம் சரியாகவே தடைப்பட்டியலில் ஏற்றப்பட்டிருந்தால், அதே அச்சில் வார்த்த கல்யாணக் கிண்டலும் அதன் கூடவே மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. உங்கள் படத்துக்கு இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்கக்கூடியவற்றுள் இது ஒன்று. மீம் என்பதே ஒரு படத்தைப் பலர் பல பொருளில் எடுத்தாள்வது என்பதால், கைரேகை முறை மற்ற படங்களைக் காட்டிலும் மீமில்தான் அதிகம் தடுமாறுகிறது.

தடைப்பட்டியலில் தவறாக ஒரு படம் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதிவான சான்று ஒன்று உண்டு. கொலம்பியாவில் போலீசார் தடியால் அடிப்பதைக் காட்டும் கேலிச்சித்திரம் ஒன்றை 2020 செப்டம்பரில் ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்டார். பதினாறு மாதங்கள் கழித்து அது நீக்கப்பட்டது. காரணம், அந்தச் சித்திரம் ஒப்பீட்டு வங்கியில், அதாவது தடைப்பட்டியலில், தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதே சித்திரத்துக்காக 215 பேர் முறையிட்டார்கள், அவற்றுள் 98 சதவீதம் முறையிட்டவர் பக்கமே தீர்ந்தது. அப்படித் தீர்ந்துகொண்டே இருந்தும், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் நீக்க முடிவுகளை மறுஆய்வு செய்யும் மேற்பார்வை வாரியம் இந்த வழக்கைக் கையில் எடுக்கும்வரை சித்திரம் வங்கியிலேயே கிடந்து, புதிதாகப் போடுபவர்களின் படங்களை நீக்கிக்கொண்டே இருந்தது. வாரியம் 2022இல் அளித்த முடிவில் இதைக் கண்டித்தது. இங்கே மனிதர் ஒருவர் ஒரு முறை செய்த பிழையை இயந்திரம் களைக்காமல் திரும்பத் திரும்பச் செய்தது. எந்த இடத்திலும் அது தானாகத் தவறாக யோசிக்கவில்லை, யோசிக்கும் வேலை அதற்குக் கொடுக்கப்படவும் இல்லை.

கைரேகையில் சிக்காத படத்தை அடுத்ததாக எழுத்தறிதல் என்ற வேலைக்கு அனுப்புகிறார்கள். படத்தில் எழுத்து இருக்கும் பகுதியைக் கண்டுபிடிப்பது ஒரு படி, அதை வாசிப்பது இன்னொரு படி. ஃபேஸ்புக் 2018இல் அறிமுகப்படுத்திய ரொசெட்டா என்ற அமைப்பு அப்போதே நாளொன்றுக்கு 100 கோடிக்கு மேற்பட்ட படங்களையும் காணொளிச் சட்டகங்களையும் இப்படி வாசித்தது. ஆங்கிலத்தில் நன்றாக நடக்கும் இந்த வேலை தமிழில் இடறும் இடங்கள் தனி. "கொ" என்ற ஒரே எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் நிற்பதை, ஒரே எழுத்தின் உறுப்புகளாகச் சேர்த்து வாசிக்க வேண்டும். காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் மயிரிழை வேறுபாட்டில் நிற்கின்றன. மெய்யின் மேல் உள்ள புள்ளி, படம் நான்கு முறை பகிரப்பட்டுச் சுருங்கியதும் முதலில் அழிந்துபோகும். புள்ளி போனால் சொல்லே போய்விடும். வெட்டி, வெட்டு என்ற இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு சிறு சுழி. "ரெண்டு நாளா வெட்டி" என்று வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சொன்னவர், ஒரு சுழி பிசகினால் வேறொரு குற்றத்துக்கு ஆளாவார்.

நம் இளைஞர்களில் பலர் தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுவதும் இல்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போது வெட்டி, வேட்டி இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான் பலர் பழக்கத்தில் வருகிறது. அந்த ஐந்து எழுத்துகளைப் பார்க்கும் இயந்திரம் சும்மா இருப்பவனையும், வெட்டிச் சாய்ப்பதையும், கரைவேட்டியையும் மற்ற சொற்களை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். மீமிலோ மற்ற சொற்கள் நாலைந்துக்கு மேல் இருப்பதில்லை.

சரியாக வாசித்தாலும் பொருள் கைக்கு வந்துவிடுவதில்லை. "சம்பவம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் அது நிகழ்ச்சி. டீக்கடையில் கொலை என்று வாய்விட்டுச் சொல்ல விரும்பாதவர் சொல்லும் இடக்கரடக்கல். சேப்பாக்கத்தில் ஒருவர் இருபது பந்தில் அரைசதம் அடித்தால் அதுவும் சம்பவம். "இன்னிக்கு ஒரு சம்பவம் இருக்கு" என்பது விருந்து அழைப்பாகவும் இருக்கலாம், காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டிய செய்தியாகவும் இருக்கலாம். உங்கள் "முடிச்சு விட்டாய்ங்க" இதே இனம். வைகைக்கரையில் அது தோற்ற அணிக்கும், ஏமாந்த மாப்பிள்ளைக்கும், தேர்வில் கோட்டைவிட்டவனுக்கும் சொல்லப்படுவது. "ஆய்ங்க" என்ற நம் வட்டார விகுதியைப் பயிற்சித் தரவுகளில் போதிய அளவு பார்த்திராத இயந்திரம், "முடி" என்ற வேரையும் "கண்ணீர் அஞ்சலி"யையும் சேர்த்துக் கூட்டினால் வரும் விடை எதுவாக இருக்கும் என்று நீங்களே யோசிக்கலாம்.

மூன்றாவது வேலை படத்தில் இருக்கும் பொருள்களை அடையாளம் காண்பது: ஆயுதம், ரத்தம், நிர்வாணம், கொடி, கூட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வரும். நம் பக்கத்தில் இது எங்கே உடையும் என்பதை அழகர்கோவிலுக்குப் போனவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக அரிவாள் செலுத்துவது வழக்கம்; ஊர்க் காவல் தெய்வம் எதுவானாலும் கையில் அரிவாள் இல்லாமல் இருப்பது அரிது. முறுக்கிய மீசை, உருட்டிய விழி, ஓங்கிய அரிவாள் என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மிரட்டல். சேர்த்துப் பார்த்தால் கும்பிட வேண்டிய சாமி. அலங்காநல்லூரில் மாடு முட்டித் தூக்கும் படம் மிருகவதையாகவும் விபத்தாகவும் விளையாட்டாகவும் வகைப்படக் கூடியது. கிடாவெட்டு அழைப்பிதழைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

என் சொந்தப் பிழை ஒன்றை இங்கே சொல்வது பொருத்தம். இரவுப் பணியில் கருப்பசாமி படம் போட்ட மீம் ஒன்று ஆயுத மிரட்டல் என்ற குறியோடு என் வரிசைக்கு வந்தது. "கணக்கை எங்க சாமி முடிக்கும்" என்று எழுதியிருந்தது. ஊர் வழக்கம் தெரிந்தவன் என்ற பெருமிதத்தோடு, பக்திப் பதிவு என்று விட்டுவிட்டேன். சில வாரங்களில் அதே படமும் வரியும் வேறொரு கணக்கிலிருந்து வந்தபோதும் அவ்வாறே விட்டேன். அந்த இரண்டாவது பதிவு, ஒரு கிராமத்தில் கொலை நடந்து மூன்றாம் நாள், எதிர்த்தரப்புக் குடும்பத்தைக் குறித்துப் போடப்பட்டது என்பது பின்னால் மறுஆய்வில் தெரிந்தது. என் திரையில் படம் மட்டும்தான் இருந்தது. யார், யாருக்கு, எந்த நாளில் என்பது இல்லை. படத்தைச் சரியாக வாசித்தும் நான் தவறினேன். இயந்திரத்துக்கு ஊர் தெரியாது என்று குறைசொல்வது எளிது, ஊர் தெரிந்தவனுக்கும் தேதி தெரிய வேண்டியிருக்கிறது.

மீமுக்கே உரிய சிக்கல் இனிதான் வருகிறது. படமும் குற்றமற்றது, எழுத்தும் குற்றமற்றது, சேர்ந்தால் மட்டும் குற்றம் என்ற நிலை அது. "இந்த வாசம் எங்க ஊரைத் தவிர வேறெங்கும் கிடைக்காது" என்ற வரியை மதுரை மல்லிப் பந்தின் மேல் எழுதினால் ஊர்ப்பெருமை. அதையே நிரம்பி வழியும் குப்பைத் தொட்டியின் மேல் எழுதினால் மாநகராட்சிக்கு ஒரு குட்டு. அதே வரியை, ஒரு குறிப்பிட்ட மக்கள் வாழும் தெருவின் பெயர்ப்பலகை தெரியும் படத்தில் எழுதினால் அது அப்பட்டமான சாதி இழிவு. வரி மாறவில்லை, மூன்று படங்களில் எதிலும் ஆயுதமோ ரத்தமோ இல்லை. எழுத்தை மட்டும் வாசிக்கும் இயந்திரமும் படத்தை மட்டும் பார்க்கும் இயந்திரமும் மூன்றையும் விட்டுவிடும், அல்லது மூன்றையும் பிடிக்கும்.

இதைச் சோதிப்பதற்காகவே ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2020இல் 10,000 மீம்களைக் கொண்ட தரவுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். வெறுப்பு மீம் ஒன்று இருந்தால், படத்தை மட்டும் மாற்றியோ எழுத்தை மட்டும் மாற்றியோ தீங்கற்றதாக்கிய இணை ஒன்றும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தப்பிக்க முடியாது. அதில் மனிதர்களின் துல்லியம் 84.7 சதவீதம். அப்போதைய நல்ல இயந்திர முறைகள் 65ஐ ஒட்டி நின்றன. தொடர்ந்து நடந்த போட்டியில் வென்ற முறை 73.2 வரை வந்தது. இயந்திரம் பின்தங்கியதைவிட என் கண்ணில் படுவது முதல் எண்தான்: பயிற்சி பெற்ற மனிதர்களே ஆறேழில் ஒன்றைத் தவறவிட்டார்கள். தமிழிலும் முயற்சி நடந்தது. ஏறத்தாழ 3,000 தமிழ் மீம்களைத் திரட்டி, ஒருவரைச் சீண்டுவது, சீண்டாதது என்று பிரித்து, 2021இல் ஆய்வாளர்களுக்குப் போட்டியாக வைத்தார்கள். முழு மதிப்பெண் 1 என்றால் முதலிடம் பெற்ற முறையின் எஃப்1 மதிப்பெண் (பிடிக்க வேண்டியதில் எவ்வளவு பிடித்தது, பிடித்ததில் எவ்வளவு சரி என்ற இரண்டையும் சேர்த்த அளவு) 0.55. கருவிகள் அதன்பிறகு வளர்ந்திருக்கின்றன, ஆயினும் எந்த உயரத்திலிருந்து ஏறத் தொடங்கினோம் என்பதை அந்த எண் காட்டும்.

நம் பக்கத்துச் சாதி மீம்களில் சாதிப் பெயரே இருக்காது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். துண்டின் நிறம், மணிக்கட்டுக் கயிறு, ஒரு விலங்கு, ஒரு தலைவரின் முகத்தில் பாதி, இவ்வளவே போதும். பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்கும் மோதிரங்களுக்கும் தடை விதிக்க நீதியரசர் சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது என்றால், அந்தக் குறிகள் எவ்வளவு தெளிவாகப் பேசுகின்றன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பையன் அரை நொடியில் வாசித்துவிடும் அந்தக் கயிறு, இயந்திரத்துக்கு ஒரு கை, ஒரு நூல். ஆக, கிண்டல் பிடிபட்டு வஞ்சம் தப்பிப்பது தற்செயலாக நடப்பதில்லை. வஞ்சகமாகப் பேசுபவர் எப்போதும் குறியீட்டில் பேசுவார், கலாய்ப்பவர்தான் "கண்ணீர் அஞ்சலி" என்று பெரிதாக எழுதுவார்.

அண்மைக் காலத்தில் வந்திருக்கும் பெரிய மொழி மாதிரிகள் படத்தையும் எழுத்தையும் சேர்த்தே பார்த்து, நகைச்சுவையை வாக்கியமாக விளக்கவும் செய்கின்றன. இது மெய்யான முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஏறும் ஒவ்வொரு படத்துக்கும் அவற்றை ஓட்டச் செலவும் நேரமும் பிடிக்கும் என்பதால், மலிவான சல்லடைகளில் ஐயத்துக்கு இடமானவற்றுக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துவதே நடைமுறையாக இருக்க முடியும் என்பது என் ஊகம். எழுத்தைத் தவறாக வாசித்துவிட்டு அந்தத் தவறான வாசிப்புக்கு நயமான விளக்கம் எழுதுவதையும் நான் வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பார்க்கும் மாதிரிகளை ஏமாற்றுவதும் எளிதாகவே இருந்திருக்கிறது. 2021இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் ஓர் ஆப்பிள் பழத்தின் மேல் ஐபாட் என்று எழுதிய தாளை ஒட்டிக் காட்டியபோது, கிளிப் என்ற அவர்களுடைய மாதிரி அதை ஐபாட், அதாவது பாட்டுக் கேட்கும் கருவி, என்றே சொன்னது. கண்ணால் பார்ப்பதைவிட எழுதியிருப்பதை அது நம்பியது. குடும்பக் குழுக்களில் வரும் ரோஜாப்பூவும் "இனிய காலை வணக்கம்" என்ற எழுத்தும் இந்த வகையில் ஒரு நல்ல முகமூடியாகும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அங்கதம் வேறு வகையில் சிக்கல். நம்மூர்க்காரரான வடிவேலு ஒரு பழைய படத்தில் ஏற்ற காண்ட்ராக்டர் நேசமணி என்ற பாத்திரத்துக்காக 2019 மே மாதம் உலகமே பிரார்த்தித்தது நினைவிருக்கும். சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டவருக்கு, இது விழுந்துதான் நேசமணியின் தலை உடைந்தது என்று ஒரு தமிழர் பதில் எழுதப்போய்த் தொடங்கியது அது. தலைக்காயம், சுத்தியல், பிரார்த்தனை என்ற மூன்றையும் சரியாக அடையாளம் கண்ட இயந்திரமும், அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்பதை அறிந்திருக்க முடியாது. மனிதச் சரிபார்ப்பாளரும் இதில் மேலானவர் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பொத்தான்களில் எதை அழுத்துவது என்று ஒருவர் வியர்த்து நிற்கும் பிரபலமான மீமில், முகத்துக்குப் பதில் துருக்கிக் கொடியை வைத்து, ஆர்மீனிய இனப்படுகொலை பொய் என்று ஒரு பொத்தானிலும், அது அவர்களுக்குத் தகும் என்று இன்னொன்றிலும் எழுதி, துருக்கி அரசின் முரண்பாட்டை ஒருவர் கேலி செய்தார். ஃபேஸ்புக் அதை நீக்கியது. தான் கேலி செய்த கூற்றையே ஆதரிப்பவராக அவர் வாசிக்கப்பட்டார். மேற்பார்வை வாரியம் 2021இல் அந்த நீக்கத்தை ரத்து செய்தது.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் இயந்திரத்திடம் விடுகிறார்கள் என்றால், எண்ணிக்கைதான் காரணம். அந்த எண்ணிக்கையே பிழையையும் பெருக்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை. ஒரு லட்சம் மீம்களில் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் 100 தீயவை என்று கொள்வோம். இயந்திரம் நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் அளவு திறமையானது என்றும் கொள்வோம். 100 தீயவற்றில் 99ஐப் பிடித்துவிடும். மீதமுள்ள 99,900 நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்று தவறினால், 999 நல்லவை சேர்ந்து மாட்டும். பிடிபட்ட 1,098இல் பத்தில் ஒன்றுகூடக் குற்றவாளி இல்லை. 99 சதவீதம் சரி என்று நிறுவனம் சொல்வதும், என் படத்தைக் காரணமில்லாமல் தூக்கிவிட்டார்கள் என்று பத்தில் ஒன்பது பேர் புலம்புவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இதனால்தான் மிக அதிக மதிப்பெண் பெற்றதை மட்டும் தானாக நீக்கி, அடுத்த படியில் உள்ளதைப் பலருக்குக் காட்டாமல் அமுக்கி, அதற்கும் கீழே உள்ளதை ஆளுக்கு அனுப்புவது என்று பல கோடுகள் கிழிக்கிறார்கள். கோட்டை எங்கே கிழித்தாலும் ஒரு பக்கம் அடிபடும்.

இப்போது அந்த இன்னொரு பக்கத்தின் படம் ஏன் பிழைத்தது என்பதற்கு வரலாம். இரண்டு படங்களையும் நான் பார்க்காததால், வாய்ப்புள்ள காரணங்களை மட்டும் சொல்கிறேன். அவர்கள் போட்டபோது தடைப்பட்டியலில் இல்லாத படம் பிறகு ஏறியிருக்கலாம். பழைய பதிவுகளையும் சேர்த்துத் தேடுவார்கள் என்றாலும் எல்லா நேரமும் உடனே நடப்பதில்லை. அவர்கள் ஓரத்தை வெட்டியோ பக்கத்தின் பெயர்ப்பட்டையைச் சேர்த்தோ போட்டிருந்தால் கைரேகை விலகியிருக்கும். கீழ்வரி வேறாக இருந்தால், ஒரே ஒரு சொல் மதிப்பெண்ணைக் கோட்டுக்கு இப்புறம் நிறுத்தியிருக்கும். உங்கள் கணக்கில் முன்பே எச்சரிக்கைகள் இருந்தாலோ, வேண்டாதவர் யாரேனும் புகார் அழுத்தியிருந்தாலோ அதுவும் கணக்கில் சேரும். அவர்களை வேண்டுமென்றே விட்டு உங்களை மட்டும் குறிவைத்தார்கள் என்பது மேற்சொன்ன எல்லாவற்றையும்விடக் குறைந்த வாய்ப்புள்ள விளக்கம். திரைப்படக் காட்சியை வைத்துச் செய்த மீம்கள் உரிமையாளரின் பதிப்புரிமைக் கோரிக்கையால் நீக்கப்படுவது முற்றிலும் வேறு வழக்கு. அதை இதனோடு குழப்ப வேண்டாம். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதே படம் பத்திரமாக இருப்பதற்கும் காரணம் தனி: அங்கே செய்திகள் இருமுனை மறையாக்கத்தில் போவதால், போகும் வழியில் படத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

எந்த வார்த்தையை எடுத்தால் தப்பிக்கலாம் என்பதற்கு நேரான பதில், அப்படி ஒரு பட்டியல் வெளியில் இல்லை என்பதே. எழுத்துக்கு நடுவில் புள்ளி வைத்தும் எண்களைச் செருகியும் சொல்லை உடைத்து எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி உடைப்பவர்களில் பலர் உண்மையிலேயே மறைக்க வேண்டியதை வைத்திருப்பவர்கள் என்பதால், உடைப்பையே ஓர் அடையாளமாகக் கற்றுக்கொள்ளும்படி இயந்திரத்தைப் பழக்க முடியும். அஞ்சலி போஸ்டரின் அச்சை அப்படியே எடுக்காமல் நிறத்தையும் அமைப்பையும் மாற்றுவதும், "கல்யாணம்" என்ற சொல்லைப் படத்துக்குள்ளேயே தெளிவான எழுத்துருவில் எழுதுவதும் நேர்மையான வழி. படத்துக்கு மேலே எழுதும் குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம், மற்றவர்கள் படத்தைத் தனியே எடுத்துப் பகிரும்போது அது கழன்றுவிடும்.

நீக்கப்பட்டதை எதிர்த்து அங்கேயே மறுபரிசீலனை கேளுங்கள். கேட்டால்தான் பெரும்பாலும் ஆள் கண்ணில் படும். விளக்கம் எழுத இடம் இருந்தால், படத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கும் நண்பர், அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இந்தப் பேச்சு மதுரை வட்டாரத்தில் கேலிப் பேச்சு என்று மூன்று சிறு வாக்கியங்களில் எழுதுங்கள். கருத்துரிமை பற்றிய நீண்ட பத்தியைப் படிக்கச் சரிபார்ப்பாளருக்கு நேரம் இருப்பதில்லை, என் அனுபவத்தில் அது எதிர் விளைவையே தரும். அதிலும் பயனில்லையெனில், 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய தளமும் இந்தியாவில் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், அவருக்கு எழுதலாம். அவர் முடிவும் ஏற்புடையதாக இல்லாவிட்டால், 2023இல் அமைக்கப்பட்ட குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் இணையவழியே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. அந்தக் குழுவும் 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று விதி சொல்கிறது. முகூர்த்தம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தால், மாப்பிள்ளை தாலி கட்டுவதற்குள் பதில் வந்துவிட வாய்ப்பு இருக்கிறது.